நாய்தானே, எதையும் தின்னும்?

வாழைச்சேனையில எங்கட வீடுகளில வத்தகப்பழம் வெட்டினா, ஒரு துண்டு வாசல்ல வாலாட்டிக்கொண்டு நிக்கிறவனுக்கும் போகும். நல்ல பழக்கம்தான். ஆனா "நாய்தானே, எதையும் தின்னும்" என்ற பேச்சோட எங்களுக்கு உடன்பாடில்லை.

விதையும் தோலும் நீக்கின வத்தகப்பழம், பப்பாசி, சின்னத் துண்டு வாழைப்பழம் எல்லாம் இடைக்கிடை குடுக்கலாம். இப்படியான தீனி நாளாந்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாம்பழச் சதை பரவாயில்லை. கொட்டையை விழுங்கினால் குடல் அடைபடலாம்.

முந்திரிகைப் பழமும் கேக்குக்குப் போடுற பிளம்ஸும் அறவே கூடாது. சில நாய்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடும். எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். அதே அமிலம் எங்கட பழப்புளியிலயும் நிறைய இருக்கு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022இல் பதிவுசெய்தார்கள். ஆபத்து கடையில வாங்கிற முந்திரிகையில மட்டுமில்ல, எங்கட குசினிப் புளிப் போத்தலுக்குள்ளயும் இருக்கு.

இதில ஏதும் தின்டது தெரிஞ்சா, வாந்தி வரட்டும், விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காம உடனே மிருக வைத்தியரோட கதையுங்க.

நாம நீட்டினா அது வேணாமெண்டு சொல்லாது. அதனாலதான் குடுக்க முதல் நாம யோசிக்கவேணும்.