மழை வருகிறதா, பெய்கிறதா?

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், டிராம்பேயில் நம்மவர் வீடுகளில் ஓர் ஆங்கில வாக்கியம் நாள் தவறாமல் காதில் விழும். "ரெயின் இஸ் கமிங்." பிள்ளைகள் வகுப்பு ஆசிரியையிடம் சொல்வார்கள், பெரியவர்கள் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கோ, மழை இனிமேல்தான் வரப்போகிறது என்று அர்த்தமாகும்.

இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் பேச்சில் "மழை வருது" என்பது வரப்போகிற மழைக்கும் பொருந்தும், பெய்கிற மழைக்கும் பொருந்தும். அக்கம்பக்கத்து மராத்திக்காரரும் "பாவூஸ் ஆலா", மழை வந்தது என்றுதான் சொல்கிறார். நமக்கு மழை விருந்தாளி மாதிரி. வரும், இருக்கும், போகும். ஆங்கிலக்காரன் "இட் இஸ் ரெயினிங்" என்கிறான். அந்த 'இட்' எது என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் வேண்டுமே என்று நிறுத்தி வைத்த பொம்மை அது. ஆகவே நம் பிள்ளை தடுமாறுவது அறிவுக் குறைவினால் அல்ல.

ஆனால் கேலி வேண்டாம் என்பதற்காகத் திருத்தமும் வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. அதை நான் கற்றுக்கொண்ட நாள் 2005 ஜூலை 26.

அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். அன்று கம்பெனி வேலையாக டிராம்பே வந்திருந்தவன், பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஆபீசுக்குப் போன் செய்தேன். "சார், ஹெவி ரெயின் இஸ் கமிங்" என்றேன். மேலதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருப்பார். "இங்கேயும் ஹெவி ரெயின்தான், பேப்பர்களோடு கிளம்பி வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினேன். மான்குர்டு போய்ச் சேருவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. ரயில் ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒரு கட்டடத்தின் மாடிப்படியில், முன்பின் தெரியாத இருபது பேரோடு அந்த இரவைக் கழித்தேன். பேப்பர்கள் கூழாகிவிட்டன.

பிறகு பத்திரிகையில் பார்த்தால், 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை, கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற கொலாபாவில் 73 மி.மீ. சொச்சம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் 'ஹெவி'. 204.4 வரை 'வெரி ஹெவி'. அதையும் தாண்டினால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. ஆக என் அதிகாரி சொன்னதில் பொய்யில்லை, அவருடைய மழை ஹெவிதான். என்னுடைய மழைக்கு அந்தச் சொல் போதவில்லை. "ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அவரே என்னை வர வேண்டாம் என்றிருப்பார். 'நீ டீப்', 'ரைசிங்' என்ற அந்த இரண்டு சின்ன வார்த்தைகள் எனக்கு அந்நேரம் வாயில் வரவில்லை.

இது ஏதோ பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஜனதா காலனியிலிருந்து 1976இல் அப்புறப்படுத்தப்பட்ட நம் ஜனங்களைக் குடியமர்த்திய சீத்தா கேம்ப் கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலம். மாகுல் பக்கம் பாரத் நகரில் 2021 ஜூலை 18 அதிகாலையில், இரவெல்லாம் பெய்த மழையில் சுவர் சரிந்து குடிசைகள் மேல் விழுந்து, பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மவர்கள் மேடும் பள்ளமுமான இப்படிப்பட்ட இடங்களில்தான் நெருக்கி அடித்து வாழ்கிறோம். மழைச் செய்தி போனில் ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டில் அதை வாசித்துச் சொல்கிறவன் எட்டாம் வகுப்புப் பையன்.

அப்படி ஒரு பேரன் வாசித்ததை நானே கேட்டேன். 'ஹெவி ரெயின்ஃபால் அட் ஐசொலேட்டட் பிளேசஸ்' என்று இருந்தது. "தனியா ஒதுங்கி இருக்கிற இடத்துலதான் பெரிய மழையாம், ஆச்சி" என்றான். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி நிம்மதியாகச் சொன்னார்: "அப்ப நமக்கென்ன பயம்லே? இங்கதான் நிக்க எடமில்லாம ஜனக்கூட்டமால்லா கெடக்கு." சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றைக் கலக்கியது. 'ஐசொலேட்டட்' என்றால் ஓரிரு இடங்களில் என்று பொருள். அந்த ஓரிரு இடங்களில் ஒன்று ஆச்சியின் சந்தாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கூடங்களில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? நாயும் பூனையுமாக மழை பெய்தது என்ற மரபுத்தொடரை இன்னும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எந்த ஆபீசிலும் ஒருவர்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதை விட்டுவிட்டு, பெய்துகொண்டிருந்தால் 'இட் இஸ் ரெயினிங்', வரும்போல் இருந்தால் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "டுடே கிளைமேட் இஸ் குட்" என்பதையும் நிறுத்தலாம். இன்றைய வானத்துக்கு 'வெதர்', வருஷக்கணக்கில் பார்ப்பதற்குத்தான் 'கிளைமேட்'.

என் யோசனை, இதை வீட்டிலேயே தமிழிலிருந்து தொடங்கலாம் என்பது. தூறல் என்றால் 'டிரிஸில்'. சற்று நேரம் பெய்து ஓய்ந்தால் 'ஷவர்'. கொட்டித் தீர்த்தால் 'டவுன்போர்'. தமிழ்ச்சொல் தெரிந்த பிள்ளைக்கு வித்தியாசம் முன்பே மனத்தில் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். தமிழிலும் எல்லாமே 'மழை' என்று சுருங்கிவிட்ட வீட்டில்தான் ஆங்கிலத்திலும் எல்லாமே 'ரெயின்' ஆகிறது. நம் சங்க வகுப்புகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் என்ன? எத்தனை ஆழம், எப்போதிருந்து, ஏறுகிறதா வடிகிறதா என்று போனில் ஆங்கிலத்தில் சொல்லப் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பேச வைக்கலாம்.

அன்று அந்தப் பேரனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சியும் உற்சாகமாகிவிட்டார். தூறல், தூவானம், அடைமழை என்று அவர் விரல் விட்டு அடுக்க, பையன் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தேடினான். அடைமழைக்கு மட்டும் 'நாள் முழுக்க விடாமல்' என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றாலத்துச் சாரலுக்கு வந்தபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை.