தூரத்தை மதிக்கும் கண்ணாடி



விடுமுறை வந்துவிட்டால் குமணைக்கும் யாலைக்கும் வில்பத்துக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் நம்மில் அநேகர். முன்னரெல்லாம் ஒரு வானில் ஒரு கெமரா இருந்தாலே பெரிய காரியம். இன்று வாப்பாவின் கையிலும் உம்மாவின் கையிலும் பிள்ளைகளின் கையிலும் ஆளுக்கொரு ஸ்மார்ட் போன் இருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் வீடு திரும்பி அந்தப் படங்களைப் பார்த்தால் என்ன தெரிகிறது? பரந்த வானம், நிறையப் புல், நடுவில் ஒரு புள்ளி. “அதுதான் மீன்கொத்தி” என்று விரலால் தொட்டுக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு விளங்கும்.

இப்படி ஏன் ஆகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். போனின் பிரதான கெமரா அகலமான காட்சியைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. 10 மீற்றர் தூரத்தில் அது ஏறத்தாழ 13 மீற்றர் அகலத்தைத் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. படத்தின் குறுக்கே 4000 புள்ளிகள் உண்டென்று வைத்துக்கொள்வோம். 16 சென்ரிமீற்றர் நீளமான ஒரு சிறு மீன்கொத்திக்கு அவற்றில் கிடைப்பவை சுமார் 50 புள்ளிகளே. திரையில் விரல்களை விரித்துப் பெருப்பித்தால் அந்த 50 புள்ளிகளும் பெரிதாகுமேயன்றி, இறகின் கோடுகள் புதிதாக வந்து சேரமாட்டா. பற்றாக்குறையைப் போனின் மென்பொருள் ஊகத்தால் நிரப்பப் பார்க்கும். ஊகம் வேறு, உண்மையான இறகு வேறு.

ஆகவே படம் பதிவாவதற்கு முன்னரே ஒளியைப் பெருப்பித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் போனின் முன்னால் பொருத்தும் தொலைநோக்கு வில்லை. அரபியில் வில்லைக்கு ‘அதஸா’ என்பார்கள். ‘அதஸ்’ என்றால் பருப்பு. இலத்தீன் மொழியிலும் ‘லென்ஸ்’ என்ற சொல்லின் பொருள் அதே பருப்புத்தான். நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்த அதன் வடிவமே இரு மொழியிலும் பெயராகிவிட்டது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதைப் பரிசோதனைகளோடு விளக்கியவர், 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர்களின் கைக்குப் போனது.

சரி, இந்த இணைப்பு எப்படி அமைந்திருக்கிறது? எளிய வகை, கலிலியோ 1609இல் வானத்தை நோக்கிய குழாயின் அமைப்பையே கொண்டது. முன்னால் ஒரு குவிவு வில்லை, பின்னால் ஒரு குழிவு வில்லை. முன்னதன் குவியத்தூரம் 100 மில்லிமீற்றர், பின்னதன் குவியத்தூரம் 50 மில்லிமீற்றர் என்றால், இரண்டையும் 50 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால் பொருள் இரு மடங்கு பெரிதாகத் தெரியும். நமது மீன்கொத்தியின் 50 புள்ளிகள் 100 ஆகும். குழாய் கட்டையானது, படம் நிமிர்ந்தே விழும். ஆனால் மடங்கைக் கூட்டக் கூட்டப் பார்வைப் பரப்பு சாவித் துவாரம்போல் ஒடுங்கிவிடும்.

அடுத்த வகை, கெப்ளர் 1611இல் விளக்கியது. இதில் இரண்டுமே குவிவு வில்லைகள். குழாய் நீளும், படமும் தலைகீழாக விழும். எனினும் வெளிவரும் ஒளிக்கற்றை குழாய்க்கு வெளியே ஒரு சிறு வட்டமாகக் கூடுவதால், போனின் கண்ணை அவ்விடத்தில் பொருத்தமாக வைக்கலாம். தலைகீழான படத்தை நிமிர்த்துவது இன்றைய மென்பொருளுக்குப் பெரிய காரியமல்ல. விவோ நிறுவனம் 2025இல் எக்ஸ்200 அல்ட்ரா போனுக்காக வெளியிட்ட 2.35 மடங்கு இணைப்பு இந்த அமைப்பிலானது. அதே ஆண்டில் ஒப்போ நிறுவனம் ஃபைண்ட் எக்ஸ்9 ப்ரோ போனுக்கு 3.28 மடங்கு இணைப்பொன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் அகலக் கெமராவில் அல்ல, போனிலுள்ள தொலைநோக்குக் கெமராவின் முன்னாலேயே பொருத்தப்படுகின்றன. அந்தக் கெமராவின் பார்வை ஏற்கனவே ஒடுங்கியதாக இருப்பதால், படத்தின் மூலைகள் இருளாமல் தப்புகின்றன.

இனி, கடையில் ஏமாறாதிருக்க ஒரு கணக்கைச் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன் வில்லையின் விட்டத்தை மடங்கால் பிரித்தால், வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிப்புக் கிடைக்கும். போனின் பிரதான கெமராவின் கண் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலம். 8 மடங்கும் 42 மில்லிமீற்றர் விட்டமும் உடைய பைனாகுலரில் இந்த விடை 5.25. போனின் கண் நிறைய ஒளி கிடைக்கும். அதே 8 மடங்குள்ள, 21 மில்லிமீற்றர் சிறிய பைனாகுலரில் விடை 2.6 மட்டுமே. ஒளியில் பாதிக்கு மேல் போய்விடும்.

இப்போது ‘60 மடங்கு’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் சின்னக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மடங்குக்கு முழு ஒளி வேண்டுமானால் முன் வில்லை 240 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அது ஒரு சோற்றுப் பீங்கானின் அகலம்! சட்டைப் பையில் அடங்கும் குழாயில் அது எப்படி முடியும்? பெட்டியில் உள்ள எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நல்ல பைனாகுலர் இருந்தால் அதுவே போதும். பறவை பார்ப்போர் தொலைநோக்கியின் பின்னால் டிஜிட்டல் கெமராவை வைத்துப் படமெடுக்கும் முறையை 1999 முதல் பரப்பியவர்களுள் மலேசியாவின் லோரன்ஸ் போ முக்கியமானவர். நீங்கள் செய்ய வேண்டியது, பைனாகுலரின் கண்பக்கமும் போனின் கெமராவும் நேர்கோட்டில் அசையாது நிற்கும்படி ஒரு வளையத்தைப் பொருத்துவதுதான். கெட்டியான மட்டையாலும் செய்யலாம். வட்டமான கறுப்பு ஓரம் தெரிந்தால், அது மறையும் வரை மட்டும் போனில் சற்றுப் பெருப்பியுங்கள். பல கெமராக்கள் உள்ள போன் தானாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். தாவாதபடி ஒரே கெமராவில் நிறுத்தி வையுங்கள். 8 மடங்கு பெருப்பித்தால் கையின் நடுக்கமும் 8 மடங்காகும். முக்காலி அல்லது ஒரு மணற்பை கட்டாயம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கண்ணாடிகள் எதையும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. பைனாகுலர் வழியே சூரியனைப் பார்க்கும் பிள்ளையின் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். பெற்றோர் இதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவும் எதற்காக? அழகான படத்துக்காக மட்டுமா? கூட்டில் அடைகாக்கும் பறவையை நாம் நெருங்கினால் அது எழுந்து பறக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் முட்டை வெயிலில் கிடக்கும், காகம் வந்து கொத்தும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட மன்னாரின் வங்காலையில் கூட்டமாக மேயும் பூநாரைகளை ஒருவர் துரத்திப் பறக்கவிட்டால் படம் கண்ணைக் கவரும். ஆனால் உண்ண வேண்டிய நேரத்தில் அவை சக்தியை இழக்கின்றன. பாதையோரத்து யானையை நெருங்கிப் படமெடுக்கப் போகிறவரோ தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

நல்ல கண்ணாடி நம்மை இருந்த இடத்திலேயே இருத்தி, பார்வையை மட்டும் அனுப்பிவைக்கிறது. ஆனால் ஒன்று. கண்ணாடி இருந்தும் இன்னும் பத்தடி, இன்னும் ஐந்தடி என்று நெருங்குகிறவருக்கு எந்த மடங்கும் போதாது. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறதா? அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் இரண்டடி பின்வாங்குங்கள். அது மீண்டும் குனிந்து மேயத் தொடங்கும்போது எடுக்கும் படமே அதன் உண்மையான வாழ்வைக் காட்டும் படம். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுக்கும்போது, அந்த அதபையும் சேர்த்துக் கொடுங்கள்.