அருவிக்கரையில் ஒரு வீடு
– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

"குற்றாலத்தில் ஒரு சிறிய வீடு வாங்கிப் போட வேண்டும்" என்பது இன்று பலருடைய ஆசை. சென்னையிலும் மதுரையிலும் உத்தியோகம் பார்த்துக் கொஞ்சம் சேமித்தவர்கள், விடுமுறைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று எண்ணுகிறார்கள். சிலர் கடற்கரை ஊர்களைத் தேடிப் போகிறார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடல் என்றாலே அஞ்சுகிறவர்கள் மலையடிவாரத்தை நாடுகிறார்கள். ஆசையில் குற்றம் காண நான் யார்? ஆனித் தென்றலும் ஆடிச் சாரலும் நமக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்ட சொத்து அல்லவே!

இந்த ஆசை புதியதும் அன்று. திருவிதாங்கூர் மன்னர்கள் ஓய்வுக்கு வந்து தங்கக் குற்றாலத்தில் அரண்மனை கட்டினார்கள். அது இன்றும் கேரள அரசின் சொத்தாக இருக்கிறது. ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சாரல் காலத்தை இங்கே கழித்தார்கள். ரசிகமணி டி.கே.சி. அவர்கள் குற்றாலத்தையே தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். ஆனால் டி.கே.சி. பன்னிரண்டு மாதமும் இங்கே வாழ்ந்தவர். நான் பேச வந்தது, பன்னிரண்டு மாதத்தில் பதினைந்து நாள் திறக்கப்படும் வீடுகளைப் பற்றி.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் சன்னல் ஓரம் அமர்ந்து பாருங்கள். இலஞ்சி, மேலகரம், வல்லம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலுக்கு நடுவே மஞ்சள் பூசிய கற்கள் நட்டிருக்கும். "அருவிக்கு ஐந்தே நிமிடம்" என்று பலகை சொல்லும். (எந்த வாகனத்தில் ஐந்து நிமிடம் என்று சொல்லாது. சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆகும்.) மனை பார்க்க வருகிறவர்கள் தரகரிடம் கேட்பவை இரண்டே கேள்விகள். இடம் பாதுகாப்பானதா? விலை நமக்குக் கட்டுமா? தரகர் இரண்டுக்கும் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறார். அதே கேள்விகளை இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதே இக்கட்டுரை.

முதலில் பாதுகாப்பு. நம் மலையின் குணத்தை வெளியூரார் அறியமாட்டார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் நமக்குச் சாரல் கிடைக்கிறது. அது மென்மையான மழை. அதை மட்டும் பார்த்துவிட்டு, குற்றாலத்து நீர் எப்போதும் தலையைத் தடவிக் கொடுக்கும் என்று நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் அருவிகளின் நீர்ப்பிடிப்பு மேலே காட்டுக்குள் இருக்கிறது. அங்கே கொட்டும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே வெயில் அடித்துக் கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்து சேரும். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். குளித்துக் கொண்டிருந்தவர்கள் படிக்கட்டுகளில் ஏறி ஓடினார்கள். பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். என் தம்பிக்கும் அப்போது அதே வயது. அதே ஆண்டு டிசம்பரிலும் பேரருவியில் காட்டு வெள்ளம் புரண்டு வந்தது.

கடற்கரையை விட்டு மலைக்கு வந்துவிட்டால் ஆபத்தில்லை என்போர் 2024 ஜூலை 30-ஐயும் நினைக்க வேண்டும். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் ஓர் இரவில் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரைதான் மேல் என்போர்க்கு 1964 டிசம்பரில் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி இருக்கிறது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய காயல்பட்டினமும் இருக்கிறது. ஆகவே கடலா மலையா என்று கேட்பதில் பயன் இல்லை. எந்த ஊரானாலும் அங்கே தண்ணீர் போகும் வழி எது, அந்த வழியில் நாம் நிற்கிறோமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அதை அறிவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பழைய ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும். நம் முன்னோர் ஊரை மேட்டிலும் வயலைப் பள்ளத்திலும் வைத்தார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் திண்ணை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வயல்களின் பெயரைக் கேளுங்கள். பள்ளப்பற்று, ஓடைப்பற்று என்று கிழவர்கள் சொல்லும் இடத்துக்கு "கார்டன்" என்றும் "நகர்" என்றும் பெயர் மாற்றினால் மேடாகிவிடுமா? என் தந்தை ஒரு பங்களாவின் காவல்காரர். அதன் உரிமையாளருடன் மனை பார்க்க வந்த ஒருவர் அவரிடமும் அபிப்பிராயம் கேட்டார். "சாரலுக்கு வந்து எடம் பாக்காதீங்கய்யா. ஐப்பசி, கார்த்திகையில ஒரு வாட்டி வந்து பாருங்க. அப்பவும் புடிச்சிருந்தா வாங்குங்க" என்றார் அப்பா. வந்தவர் சிரித்தார். தரகர் சிரிக்கவில்லை.

இனி விலை. இங்கே என் பாடத்தைச் சற்றுப் பயன்படுத்திக் கொள்கிறேன். மனையும் கட்டடமுமாக முப்பது இலட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். காவலுக்கு மாதம் 5,000 வீதம் ஆண்டுக்கு 60,000. (இந்த ஐயாயிரத்தை நான் கற்பனை செய்யவில்லை.) வரி, மின்சாரம், வெள்ளையடிப்பு, கரையான், ஓட்டைக் குழாய் எல்லாம் சேர்த்து 30,000. ஆகக் கூடுதல் மூன்று இலட்சம். குடும்பம் வந்து தங்குவது பதினைந்து நாள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 20,000 ரூபாய்! அந்தப் பணத்துக்கு இதே ஊரில் நல்ல வீட்டை வாடகைக்கு எடுத்து, நல்ல சமையல்காரரையும் அமர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் பார்டர் பரோட்டாவும் வாங்கிக் கொடுக்கலாம். "நிலத்தின் மதிப்பு ஏறுமே" என்பார்கள். ஏறலாம். அப்படியானால் அது வியாபாரம். குடும்பத்தின் ஓய்வு என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம்.

விலை மலிவு என்று சொல்லப்படும் மனை ஏன் மலிவாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது நேற்று வரை நஞ்சை. அல்லது வாய்க்கால் கரை. அல்லது அங்கீகாரம் பெறாதது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது தமிழகம் முழுவதும் எத்தனை பேர் தவித்தார்கள்! மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்த பின்பே அவர்களுக்கு வழி பிறந்தது. வாங்குகிறவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு நிறுத்திக் கொள்ளக் கூடாது. புல வரைபடத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக்கு உட்பட்டதா என்றும் விசாரிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இந்தக் காகிதங்களைப் படித்துப் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான். தாத்தா கைநாட்டு. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். எனவே ஊரில் யார் எந்தப் பத்திரத்தைக் கொண்டு வந்தாலும் என்னிடம்தான் நீட்டுகிறார்கள். கல்லூரியில் படித்ததைவிட அந்தப் பத்திரங்களில் நான் படித்தது அதிகம் என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

இதுவரை வாங்குகிறவர் பக்கம் நின்று எழுதினேன். எங்கள் பக்கமும் ஒன்று உண்டு.

எங்களுக்கு முப்பது சென்ட் நஞ்சை இருக்கிறது. கார், பிசானம் என்று இரு போகம் விளைந்த நிலம். எங்களுக்கு மேலே இருந்த இரண்டு வயல்களும் மனைகளாகிவிட்டன. மனை போட்டவர்கள் வாய்க்காலை முழுக்க மூடவில்லை. ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்து அதன் மேல் பாதை போட்டார்கள். குழாயின் வாயில் பிளாஸ்டிக்கும் சருகும் அடைத்துக் கொள்கிறது. கார் பருவத்தில் எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. பிசானத்தில் மழை வலுத்தால் அதே அடைப்பினால் நீர் பெருகி நாற்று அழுகுகிறது. சென்ற ஆண்டு அந்த வெள்ளம் புது வீடொன்றின் வரவேற்பறைக்குள்ளும் புகுந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எங்கள் அப்பாதான் போய் அள்ளி ஊற்றினார். சாரல் காலத்தில் பேரருவியில் விழுந்து சிற்றாறாக ஓடித் தாமிரவருணியில் போய்ச் சேரும் இந்த நீர், நடுவிலே எத்தனை வயலுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை மனைக்கல் நடுகிறவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அருவியையே வீட்டுக்குள் கொண்டு வந்தவர்களும் உண்டு. நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டி வந்தது.

இந்தக் கருத்தை விடுதியில் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் என்னை மடக்கினான். "விக்கிறவன் நம்ம ஊர்க்காரன்தானல? அவனைக் கட்டிப்போடவா சொல்லுத? உங்க அப்பாவுக்கே அந்த பங்களாவுலதான சம்பளம்?" என்றான். நியாயமான கேள்வி. நான் இதை எழுதும் பேனா கூட அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. முப்பது சென்ட் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் ஆண்டில் இருமுறை பத்துப் பதினைந்து பேருக்கு வேலை இருந்தது. ஆறு மனைகளுக்கு ஒரு காவல்காரர் போதும். சாரல் காலத்தில் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டு, இட்லி அவித்துக் கொடுத்து, நாலு காசு பார்த்த குடும்பங்கள் இலஞ்சியிலும் மேலகரத்திலும் எத்தனையோ! பூட்டிக் கிடக்கும் பங்களா யாரிடம் இட்லி வாங்கும்?

பிற நாடுகளிலும் இந்தச் சிக்கல் எழுந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுத்து, எந்த ஊரிலும் மொத்த வீடுகளில் விடுமுறை வீடுகள் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் உள்ளூர் இளைஞர்க்குக் குடியிருக்க வீடு கிடைக்காமல் போயிற்று. 2016-இல் அவ்வூரார் வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாகக் குடியிருப்போர்க்கே என்று முடிவு செய்தார்கள். நம் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாய்க்காலுக்கும் ஓடைக்கும் இரு கரையிலும் இடம் விடாத மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டாம். ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரியைக் கூட்டி, அதில் வாய்க்காலைத் தூர் வாரட்டும். அறை வாடகைக்கு விடும் உள்ளூர்க் குடும்பங்களைப் பதிவு செய்து, நியாயமான கட்டணத்தையும் சுத்தத்தையும் கவனித்தால் வருகிறவர்க்கும் நன்மை. விடுமுறைக்கு வருகிற ஐயா அம்மாக்களுக்கு நான் சொல்வது, வாடகைக்கு வாருங்கள், ஆண்டுதோறும் வாருங்கள். ஒரு வருடம் ஐந்தருவிப் பக்கம், மறு வருடம் பழைய குற்றாலத்துப் பக்கம் என்று மாறி மாறித் தங்கலாமே. சொந்த வீடு இருந்தால் அதே சன்னலையும் அதே ஓட்டைக் குழாயையும்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் முப்பது சென்டுக்கும் இப்போது விலை பேசுகிறார்கள். அக்காவுக்குக் கலியாணம் முடிக்க வேண்டும். தரகர் சொல்லும் தொகை, அப்பா இருபது ஆண்டு காவல் காத்தாலும் கண்ணால் காண முடியாதது. "ஏய்யா, நீ படிச்சவன். நீ என்ன சொல்லுத?" என்று அப்பா என்னைக் கேட்டார். விற்க வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். எங்கள் வயல் அந்த வாய்க்காலின் கடைசி மடை. அதையும் மேடாக்கிவிட்டால் மேலிருந்து வரும் வெள்ளம் நிற்க இடமின்றி எங்கள் தெருவுக்குள்தான் வரும். அக்கா கலியாணத்துக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எடுக்கலாம், நானும் படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வேலை பார்த்துக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா, "இவன் வேலைக்குப் போற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்களாக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிசான அறுப்பு முடியட்டும், பிறகு பேசலாம் என்று அப்பா தரகரிடம் தவணை சொல்லியிருக்கிறார். நாற்று இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. மழை வலுக்கும் நாளில் நானும் தம்பியும் மண்வெட்டியோடு போய் அந்தக் குழாய் வாயைத் திறந்துவிட்டு வருகிறோம்.