ரோட்டில் விழுந்தால் துணி தாங்குமா?

மோட்டார் சைக்கிளில் போகிறவர் கீழே விழுகிறார். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. தலை தப்பியது.

உடம்பு?

உடம்பின் மேல் ஒரு சட்டை. ஒரு பேண்ட். அவ்வளவுதான். தார் ரோட்டுக்கும் தோலுக்கும் நடுவே அந்தத் துணி ஒன்றுதான் வேலி. அந்த வேலி எத்தனை நேரம் தாங்கும்?

இதை நிபுணர்கள் நொடிக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள்.

உப்புத்தாள் சோதனை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சியாளர் ரோடரிக் வூட்ஸ். துணியைத் தேய்த்துப் பார்க்கும் சோதனையை உருவாக்கியவர் இவர்.

சோதனை எப்படி நடக்கிறது? மாவு மில்லில் பெல்ட் ஓடுகிறதல்லவா, அதுபோல ஒரு பெல்ட். ஆனால் அது சொரசொரப்பான உப்புத்தாளால் ஆனது. மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் துணியை விழ வைக்கிறார்கள்.

துணியின் வெளிப்பக்கம் மெல்லிய கம்பி ஒன்று. உள்பக்கம் ஒன்று. வெளிக்கம்பி அறுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். துணி ஓட்டையாகி உள்கம்பியும் அறுந்தால் கடிகாரம் நின்றுவிடும். துணி எத்தனை நொடி தாங்கியது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையை வைத்து 2002-ம் ஆண்டு ஐரோப்பாவில் ஒரு விதி செய்தார்கள். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் துணி 4 நொடியாவது தாங்க வேண்டும் என்றது அந்த விதி. உயர்ந்த ரகம் என்றால் 7 நொடி.

கெட்டியான மாட்டுத்தோல் இதில் தேறிவிடுகிறது. சாதாரண ஜீன்ஸ்? ஒரு நொடிக்கு அக்கம்பக்கத்தில் கிழிந்துவிடுகிறது!

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் விழுந்தால், ஏறத்தாழ 15 மீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே போவார். நிற்பதற்கு 2 நொடிக்கு மேல் ஆகும். ஜீன்ஸ் தாங்குவது ஒரு நொடி. மிச்ச நேரம் தேய்வது யாருடைய தோல்?

உருகும் துணி

பளபளப்பான நைலான், பாலியஸ்டர் துணிகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தேய்ந்தால் சூடு உண்டாகும். சூட்டில் இந்தத் துணிகள் உருகும். உருகியது காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

உருகாத இழையும் இருக்கிறது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டெபானி குவோலெக் என்ற பெண்மணி, 1965-ம் ஆண்டு கண்டுபிடித்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது "கெவ்லார்". எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலுவானது. மோட்டார் சைக்கிள் ஜீன்சில் உள்துணியாக இதை வைத்துத் தைக்கிறார்கள்.

ஆனால், நல்ல துணி மட்டும் இருந்தால் போதாது. தையல் பிரிந்தால் கெவ்லாரும் ஒன்றுதான், கிழிசலும் ஒன்றுதான்.

212 பேரிடம் விசாரணை

இயந்திரம் இருக்கட்டும். நிஜ விபத்தில் என்ன நடக்கிறது?

ஆஸ்திரேலியாவில், தலைநகர் கான்பெராவிலும் சுற்றுப்புறத்திலும், விபத்தில் சிக்கிய 212 பேரை விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் அல்ல. வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர்களையும் தேடிப் பிடித்தார்கள். லிஸ் டி ரோம் என்ற பெண் ஆராய்ச்சியாளரின் தலைமையில் நடந்த வேலை இது. முடிவு 2011-ம் ஆண்டு வெளிவந்தது.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஜாக்கெட் போட்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படிப்பட்ட பேண்ட் போட்டவர்களுக்குப் பாதி குறைவு. கையுறை போட்டவர்களுக்குப் பாதிக்கும் மேலே குறைவு! விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தானே ஊன்றுகிறோம்? எல்லாவற்றிலும் மலிவானது கையுறைதான். அதைத்தான் நாம் குளிருக்குப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். கணுக்காலை மூடும் பூட்ஸ், மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்சாக இருந்தாலும், லேசான ஷூவைவிட நன்றாகவே காப்பாற்றியது.

இதே விசாரணையில் ஒரு கெட்ட செய்தியும் கிடைத்தது. பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு உடைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், விபத்தில் கிழிந்தோ பிரிந்தோ கைவிட்டுவிட்டன!

எலும்பு முறியாமல் காக்குமா?

முழங்கையிலும் முழங்காலிலும் மெத்தை போன்ற திண்டு வைத்துத் தைக்கிறார்களே, எலும்பை அது காப்பாற்றாதா?

கான்பெரா விசாரணையில், திண்டு வைத்த உடையால் காயங்கள் குறைந்தன. ஆனால் எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை.

திண்டுக்கு ஐரோப்பாவில் உள்ள சோதனையைப் பார்த்தால் காரணம் விளங்கும். 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து திண்டின் மேல் போடுகிறார்கள். அடியில் போய்ச் சேரும் அடி 35 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் முதல் ரகம். அதாவது மூன்றரை டன் எடை வைத்து அழுத்துகிற மாதிரி! இரண்டாம் ரகத்தில்கூட 2 டன் வரை விடுகிறார்கள். லாரியிலோ மரத்திலோ போய் மோதுகிறவரை எந்தத் துணியும் காப்பாற்றாது. ரோட்டில் சறுக்குகிறவருடைய தோலைக் காப்பாற்றும். உடையின் வேலை அதுதான்.

வெயிலில் எப்படிப் போடுவது?

நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட் போடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆஸ்திரேலியாவிலும் இதே வெயில்தான், இதே புலம்பல்தான்.

அங்கே, நியூசிலாந்தையும் சேர்த்துக்கொண்டு, அரசு அமைப்புகளும் மற்றவர்களும் 2018-ம் ஆண்டு "மோட்டோகேப்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கடையில் போய், யார் என்று சொல்லாமல் உடைகளை விலைக்கு வாங்குவார்கள். ஜீலாங் நகரில் டீக்கின் பல்கலைக்கழகத்தின் சோதனைச்சாலையில் தேய்ப்பார்கள், இழுப்பார்கள், இடிப்பார்கள். பிறகு நட்சத்திரம் போட்டு எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிடுவார்கள். பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம். வியர்வையை எவ்வளவு வெளியே விடுகிறது என்பதற்குத் தனி நட்சத்திரம்.

பல உடைகள் ஒன்று, இரண்டு நட்சத்திரத்தோடு நின்றுவிட்டன. விலை கூடினால் நட்சத்திரமும் கூடும் என்று நம்ப வழியில்லை.

நம் நாட்டில்

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இரு சக்கர வண்டிகளில் சென்று இறந்தவர்கள் 74,897 பேர். காயம்பட்டு வீட்டோடு கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நம் சட்டம் ஹெல்மெட் போடச் சொல்கிறது. கையுறை போடு, முழுக்கை உடை போடு என்று சொல்லவில்லை. உடையைப் பற்றிய ஒரு விதி உண்டு. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்கிக்கொள்ளாமல், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்பது அது. 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. "சேலை கார்டு" என்கிறோமே, அதுதான்.

பெல்ஜியத்தில் 2011-லிருந்து கையுறை, முழுக்கை ஜாக்கெட், நீளமான பேண்ட், கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாமே கட்டாயம். பிரான்சில் 2016-லிருந்து கையுறை கட்டாயம். பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

வாங்கப் போகிறவர்கள் உடையின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 2020-ல் வந்த ஐரோப்பிய விதிப்படி அதில் எழுத்து இருக்கும். மூன்று "ஏ" போட்டிருந்தால் மிகவும் உறுதி. இரண்டு "ஏ" அதற்கு அடுத்தது. ஒரு "ஏ" என்றால் ஊருக்குள் மெதுவாகப் போவதற்கு. "பி" என்றால் ஒரு "ஏ"-வைப் போலத் தேய்மானம் தாங்கும், ஆனால் திண்டு இருக்காது. "சி" என்று இருந்தால் கவனம்! அது திண்டைப் பிடித்து வைக்கும் வெறும் வலைதான். ரோட்டில் தேய்ந்தால் தாங்காது. அதை மற்றொரு உறுதியான உடையோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.