ஓசூர்: ஆலைக்கு அரசு நிலம் இருக்கு, தொழிலாளி வீட்டுக்கு?

ஓசூர்ல வேலை கிடைச்சாச்சு. அடுத்த கேள்வி, எங்க தங்குறது?

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஊர் இது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொடங்கிய வரிசையில் இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கர்நாடகாவின் அத்திப்பள்ளி. பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான். அதனால் ஓசூரின் நில விலை பெங்களூரைப் பார்த்து ஏறுகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் அப்படி ஏறுவதில்லை.

அரசு நிலத்தில் கட்டினால் என்ன லாபம்?

வீட்டுச் செலவில் பெரும் பங்கு நிலத்துக்கே போகிறது. நிலம் அரசுடையது என்றால், கட்டுமானச் செலவையும் பராமரிப்பையும் மட்டும் வாடகையில் எடுத்தால் போதும்.

தமிழகத்தில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டியது. 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். கணக்குப் போட்டால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய்.

அப்போ ஓசூரிலும் இதையே கட்டலாமே?

கட்டலாம், ஆனால் அது மட்டும் போதாது. அங்கே கிடைப்பது அறைக்கு ஆறு பேர் என்ற கணக்கில் ஒரு படுக்கை. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் எங்கே போவது? தங்குமிடம் கம்பெனி வழியாகவே கிடைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: வேலை போன அன்றே இடமும் போய்விடும்.

வீட்டுவசதி வாரியம் மாதிரி கட்டி விற்றால்?

முதலில் வாங்கியவருக்கு லாபம். அவர் விற்கும்போது வீடு சந்தை விலைக்குப் போய்விடும். அடுத்து வரும் தொழிலாளிக்கு எட்டாது. சிங்கப்பூர் வீட்டுவசதி வாரியம் வீடுகளை 99 ஆண்டு குத்தகைக்கே விற்கிறது. நிலம் அரசிடமே இருக்கிறது. வாடகை வழியும் உண்டு. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது.

ஓசூரில் என்ன செய்யலாம்?

உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் சிப்காட்டுக்காக விளைநிலம் எடுக்கப்படுவதை எதிர்த்துப் போராடியவர்கள். 'பொது நன்மைக்கு' என்று சொல்லி எடுக்கும் நிலம் ஆலைகளுக்கு மட்டுமே போனால், அந்த வார்த்தைக்கு அர்த்தம் இல்லை. எனவே இனி வரும் ஒவ்வொரு சிப்காட் மனை வரைபடத்திலும் ஒரு பங்கு நிலத்தைக் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். உரிமை அரசிடம் இருக்கட்டும். ஒதுக்கீடு கம்பெனி பெயரில் இல்லாமல் தொழிலாளி பெயரில் இருக்கட்டும். ஆலைகள் வந்து மனைகள் நிறைந்த பிறகு இடம் தேடினால், பெங்களூரு விலையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.