'பழைய டைம் வருமா?' என்று கேட்காதீர்கள்

அவினாஷ் சாப்லேயைத் தெரியும்தானே? 2024-இல் பாரிசில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை 8:09.91-இல் ஓடி தேசிய சாதனை படைத்தவர். 2025 ஜூலையில் மொனாக்கோவில் விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன். செப்டம்பர் மாத டோக்கியோ உலகப் போட்டியும் போயிற்று. "பழைய டைம் வருமா சார்?" என்றுதான் என்னிடமும் கேட்கிறார்கள். வலியில்லாமல் நடக்கிறாரா என்று கேட்க ஆளில்லை!

சாப்லேக்காவது டாக்டர், பிசியோ எல்லாம் உண்டு. நம் திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைக்கு? முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றால் ஸ்பிரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, "மாவட்டப் போட்டி முடியட்டும், அப்புறம் ரெஸ்ட் எடு" என்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா ஏழை வீட்டுக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எலும்பில் விழுந்த விரிசலுக்குக் கோட்டா தெரியாது.

ஓய்வெடுத்துத் திரும்பும் பிள்ளைக்கு மூச்சு சில வாரத்தில் பழையபடி வந்துவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில் ஆகும். சாப்லேக்கு வந்தது போன்ற முழங்கால் காயத்துக்கு ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 9 மாதம் என்கிறார்கள் மருத்துவர்கள். தெம்பாக ஓடுகிறானே என்று நாம் கைதட்டும் அந்த இடைவெளியில்தான் கால் மறுபடி போகிறது. ஸ்டாப்வாட்சை பீரோவில் பூட்டுங்கள். 20 நிமிடம் வலியில்லாமல் ஓடினானா, மறுநாள் காலையில் வலித்ததா, இதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பி.இ.டி. ஆசிரியர்களே, நொண்டுகிற பிள்ளையின் பெயரை இந்த வருடம் அனுப்பாதீர்கள். ஹெச்.எம். கோபித்தால் கோபிக்கட்டும். பெற்றோரே, நீங்களும் போய்க் கேளுங்கள்.