குட்டி வரும் முன் வீட்டைப் பாருங்கள்

நாய் வளர்ப்பது பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. தாராவி, சயான் கோலிவாடாவின் ஓரறை வீடுகளிலும், டோம்பிவிலி, கல்யாண் பக்கத்துச் சிறிய ஃபிளாட்டுகளிலும் இன்று நாய்க்குட்டி வளர்கிறது. பெரும்பாலும் பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் ஸ்பிட்ஸ். இல்லையென்றால், 2003-ல் வந்த செல்போன் விளம்பரத்தால் புகழ் பெற்ற பக். பையன் பத்தாம் வகுப்பில் தேறினான், பெண் அடம் பிடித்தாள் என்று ஏதோ ஒரு காரணம். சனிக்கிழமை மாலை அட்டைப் பெட்டியில் குட்டி வந்து இறங்கிவிடுகிறது.

ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால், பீரோ வாங்கினால்கூட இடத்தை அளந்து பார்க்கிற நம்மவர்கள், ஓர் உயிரைக் கொண்டுவரும்போது வீட்டைப் பார்ப்பதில்லை. ‘சின்ன நாய்தானே, ஒரு மூலையில் கிடக்கும்’ என்கிறார்கள். சின்னதாக இருப்பதுதான் ஆபத்து. பெரிய நாயின் மூக்கு நுழையாத இடத்தில் இது உடம்போடு நுழையும். பெரிய நாய் தாங்கிக்கொள்கிற அளவு விஷம், இரண்டு கிலோக் குட்டியைக் கொன்றுவிடும்.

மும்பை வீடுகளில் முதல் எதிரி எலி மருந்து. மோரித் துவாரம் வழியே எலி வருகிறது. சிலிண்டருக்குப் பின்னால் மருந்து தடவிய பக்கோடாத் துண்டு கிடக்கிறது. வைத்தவரே அதை மறந்திருப்பார். குட்டி மோப்பம் பிடித்துவிடும். சில மருந்துகள் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பவை. தின்ற அன்று நாய் வழக்கம்போல விளையாடும். சில நாள் கழித்தே சோர்ந்து விழும். அதற்குள் மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. வேறு சில மருந்துகளுக்கு மாற்று மருந்தே கிடையாது. ஆகவே, தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

குட்டியைக் கொண்டுவருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கலாம். வீட்டுக்காரர் வெட்கப்படாமல் தரையில் மண்டியிட்டு, குட்டியின் உயரத்திலிருந்து வீட்டைப் பார்க்கவேண்டும். தொங்கும் சார்ஜர் வயர், தவறி விழுந்த மாத்திரை, டிரங்குப் பெட்டியிலிருந்து உருண்ட அந்துருண்டை, நூலோடு கிடக்கும் தையல் ஊசி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மோரித் துவாரத்துக்கு ஜாலி போடவேண்டும். ஜன்னல் கிரில்லில் கம்பிகளுக்கிடையே குட்டியின் தலை நுழையுமானால் உடம்பும் நுழையும். இரண்டடி உயரத்துக்குக் கோழி வலை கட்டினால் போதும், பெரிய செலவில்லை.

ஓரறை வீட்டில் மிக மோசமான நேரம் விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம். குடமும் டிரம்மும் கையுமாக எல்லோரும் ஓடுவார்கள். அடுப்பில் டீ கொதிக்கும். வாசல் கதவு திறந்தே கிடக்கும். காலடியில் குட்டி. மிதிபடலாம், சுடுநீர் கொட்டலாம், மாடிப்படியில் உருளலாம். ஒரு மூலையைப் பலகையால் தடுத்து அந்த ஒரு மணி நேரம் அங்கே விடுவது, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கமே அதற்குப் பகை. வெங்காய சாம்பார் சாதம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெந்த கோழி எலும்பு சிம்பாகி வயிற்றைக் கிழிக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கிற கைவைத்தியம் கூடவே கூடாது.

தகரக் கூரைக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் அடியில் குடியிருப்பவர்கள் பக் வாங்காமலிருப்பது நல்லது. சப்பை மூக்கு நாய் வெக்கையில் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மின்விசிறி அதற்குப் போதாது.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பெட்டியில் வரும் குட்டிகளுக்கு வயது யார் கேட்கிறார்கள்? தடுப்பூசி வரிசை முடிய நாலு மாதமாகும்; அதுவரை தெருவில் இறக்காமலிருப்பதே நலம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் ஊசி அவசியம். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் அந்த நோய் மனிதரையும் விடாது என்பதை 2005 வெள்ளத்தில் மும்பை கண்டது. மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடவேண்டும். நாயே கூடாது என்று சொஸைட்டி தீர்மானம் போட்டால் அது செல்லாது என்பதை விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால், வராந்தாவில் அசுத்தம் செய்தால் சுத்தப்படுத்துவது நாய்க்காரர் கடமை.

கடைசியாக மே மாதம். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் குடும்பத்தோடு கிளம்பும்போது ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ நாயை ஏற்ற ரயில்வே விதி இடம் தராது. முதல் வகுப்பில் கூபேயையோ அறையையோ முழுவதும் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பார்சல் ஆபீசில் பதிவு செய்து, கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஒரு பகலும் இரவும் போகவேண்டும். வளர்ந்த நாய்க்கே அது கஷ்டம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் விட்டுப்போவது என்பதைக் குட்டி வாங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்யவேண்டும். பதில் கிடைக்காத வீட்டில், பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம்.